விருதுநகர் வெயிலில் காய்ந்த கிட்டார்கள்

லாத்தாவிடம் எந்தப் பொருளையும் சும்மா பாராட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னால், "தூளு வால்பாறை, ஏலக்காய் போடி பக்கம், சீனி நம்ம ரேசன் கடை" என்று பதில் வரும். சேலை அழகாக இருக்கிறது என்று யாராவது ஒரு பெண் வாயெடுத்தால் போதும். "பட்டுன்னு நினைச்சிராதீக. சூரத்து நைலக்சு. கடைக்காரன் என்கிட்டயும் பட்டுன்னுதான் சொன்னான்" என்று தானே போட்டு உடைத்துவிடுவார். ஒருமுறை அவருடைய மச்சான் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அல்வாவைத் தின்றுவிட்டு, திருநெல்வேலியில் இருந்து வரவழைத்தீர்களா என்று வாய் நிறையக் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் எல்லோரும் பணிவாகத் தலையாட்டத் தயாரான நேரத்தில் அடுப்படியில் இருந்து லாத்தாவின் குரல் வந்திருக்கிறது. "பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைங்க. நெய்யி பாதி, டால்டா பாதி." சம்பந்தம் எப்படியோ நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு வீட்டு விசேஷங்களில் லாத்தாவைப் பேச்சுக் கொடுத்துப் பிடித்து வைப்பதற்கென்றே ஒரு ஆளைப் போட்டார்கள் என்று கேள்வி.

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். அங்கிருந்து விருதுநகருக்கு வாக்கப்பட்டு வந்தவர் என்பதால் வீட்டுப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட, தெருவும் கூப்பிட, கடைசியில் அவரைவிட வயதில் மூத்த லோடுமேன்கள்கூட லாத்தா என்றார்கள். கணவர் மலேசியாவில் இருந்தார். லாத்தா மச்சான் என்று கூப்பிடும் கணவரின் அண்ணனுக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். அவருடைய குடோனின் முன் அறையில்தான் லாத்தா இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். கிட்டார்களுக்கும் வத்தல் மூட்டைகளுக்கும் நடுவே ஒரு சுவரும் சரியாகச் சாத்தாத ஒரு கதவும் மட்டுமே இருந்தன. கடைக்குள் நுழைகிற ஆள் முதலில் மூன்று தும்மல் போடுவார். நான்காவது தும்மலில் பழகிவிடும்.

நான் அப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் லேபிள் டிசைனர். பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி, ஊதுபத்தி, எண்ணெய் டின் என்று எது வந்தாலும் அதற்கு முகம் வரைந்து கொடுப்பது என் வேலை. சொந்த ஊர் அச்சங்குளம். அம்மா அங்கே பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். முதல் சம்பள உயர்வில் எனக்கு வந்த ஆசை கிட்டார். அதை வாங்கத்தான் விருதுநகருக்குப் போனேன், தும்மினேன், எல்லோரும் கேட்கிற கேள்வியையே நானும் கேட்டேன்.

"எந்த நாட்டு மேக்குங்க?"

"மொதல்ல காதைக் குடுங்க தம்பி. ஊரை அப்புறம் சொல்றேன். கண்டிப்பாச் சொல்லுவேன்."

இதுதான் லாத்தாவின் வழக்கம். கடையில் தொங்கும் ஒவ்வொரு கிட்டாரின் தலையிலும் கம்பெனி பெயர் தெரியாதபடி பழைய வேட்டித் துணியைச் சுற்றி வைத்திருப்பார். வயிற்று ஓட்டைக்குள் ஒட்டியிருக்கும் லேபிள் மேல் ஒரு துண்டு காகிதம். வரிசையாகத் தொங்கும் அவற்றைப் பார்த்தால் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நிற்கும் பெண்களைப் போல இருக்கும். எதை வேண்டுமானாலும் எடுத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கலாம். பிடித்துவிட்டது என்று சொன்ன பிறகு துணியை அவிழ்த்து ஊரைச் சொல்வார். முக்கால்வாசி கல்கத்தா. கொஞ்சம் சீனா. எப்போதாவது ஒன்று இந்தோனேசியா. நான் வாங்கியதும் கல்கத்தாதான், அதற்குப் பிறகு லீவு கிடைத்தால் அந்தக் கடையில்தான் கிடப்பேன்.

சொன்னதும் பாதிப் பேர் போய்விடுவார்கள். நான் கண்ணால் பார்த்த ஒரு வங்கி அதிகாரி ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். இப்படி ஒரு நாதத்தைத் தான் கேட்டதே இல்லை என்றார். கல்கத்தா என்று லாத்தா சொன்ன உடனே கையில் சுட்டதுபோல அதைத் திருப்பி மாட்டிவிட்டார்.

"இம்புட்டு நேரம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் லாத்தா. கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா கல்கத்தாங்கிறீங்களே."

அவர் போன பிறகு எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்றேன்.

"கேட்டா சொல்லணும்ல" என்றார். இதற்கு மேல் ஒரு விளக்கம் தேவை என்றே அவருக்குத் தோன்றவில்லை.

இதை வைத்து அவருக்கு வெளிநாட்டுப் பொருள் என்றால் பிடிக்காது என்று நினைத்தால் தவறு. வளைகுடாவில் இருந்து திரும்பிய ஒரு நர்ஸ், அங்கே வாங்கிய ஜப்பான் கிட்டாரைத் தந்தி மாற்றக் கொண்டுவந்தார். லாத்தா அதை மடியில் போட்டுக்கொண்டு அரை நாள் தடவித் தடவிப் பார்த்தார். பலகைகள் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கும் நிற்கவில்லை. "இதைச் செஞ்ச கைக்கு ஒரு சலாம்" என்று நெற்றியில் கை வைத்தார். ஊர் முக்கியம் இல்லை என்பீர்களே என்று நான் சீண்டினேன்.

"எப்ப சொன்னேன்? ஊரு முக்கியம்தான். நல்லா செய்யுற ஊர்ல நல்லாத்தான் செய்வான். ஆனா பொறந்த ஊரு மட்டுமா கணக்கு? இங்கன வந்து கெடக்கப் போற ஊரும் கணக்குதானே."

அந்த இரண்டாவது ஊரின் கணக்கைத்தான் லாத்தா தன் தொழிலாக்கி வைத்திருந்தார். விருதுநகர் வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஈரமான ஊர்களில் செய்த கிட்டார் இங்கே வந்தால் மரம் காய்ந்து சுருங்கும். மரம் சுருங்கும்போது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள் சுருங்காது. அவற்றின் நுனிகள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு ரம்பப் பல்லைப்போல நிற்கும். கையை ஓட்டினால் தோல் கிழியும். கழுத்தும் கொஞ்சம் வளைந்து, தந்தி கம்பியில் இடித்துக் கரகரக்கும். ஆசையாக வாங்கியவர் இரண்டு மாதத்தில் கிட்டாரை மூலையில் சாத்திவிட்டு, தனக்குத்தான் இசை வராது என்று முடிவு கட்டிவிடுவார்.

லாத்தா புது லோடு வந்தால் நாற்பது நாள் விற்கமாட்டார். ஒவ்வொன்றையும் தந்தியைத் தளர்த்தி, மேற்குச் சுவரில் வெக்கை இறங்கும் இடத்தில் தொங்கவிடுவார். மரம் எவ்வளவு சுருங்க வேண்டுமோ அவ்வளவு சுருங்கட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு சின்ன அரத்தை எடுத்து ஒவ்வொரு கம்பி நுனியையும் தேய்ப்பார். கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைத் திருகி நேராக்குவார். கடைசியில் தன் முந்தானையில் ஒரு நூலை உருவி கழுத்தின் ஓரமாக மேலிருந்து கீழே இழுப்பார். நூல் எங்கேயாவது மாட்டினால் மறுபடியும் அரம். "வேத்தூருக்கு வாக்கப்பட்டு வந்த பொண்ணுக்கு கொஞ்ச நாளு தண்ணி சேராது. எனக்கே மொத வருசம் ஒதடு வெடிச்சு ரத்தமா வந்துச்சு. அப்பவே என்னைய வேல செய்யலேன்னு சொன்னா எப்படி?" என்பார்.

இவ்வளவு தெரிந்தவருக்கு ஒரு பாட்டு வாசிக்கத் தெரியாது என்பதுதான் எனக்குத் தீராத வேடிக்கை. ஒவ்வொரு தந்தியாக மீட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், வைத்துவிடுவார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால், "கெட்டுப்போனதப் பிரிச்சுப் பாத்து" என்று முடித்துவிடுவார்.

மச்சானுக்கு இந்தக் கடை பிடிக்கவில்லை. கெட்டவர் இல்லை. அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் மாசி, பங்குனியில் வத்தல் வரத்து குவியும்போது, முன் அறையில் கிட்டார்கள் காற்று வாங்கிக்கொண்டிருக்க, அவருடைய மூட்டைகள் வெளியே வாடகைக் குடோனில் கிடந்தன. எந்த வியாபாரிக்குத்தான் பொறுக்கும்? தை மாதக் கடைசியில் ஒரு நாள் வந்து நின்றார்.

"இந்த வரத்துக்கு வெளிய சமாளிச்சுக்கிறேன். ஆடிக்கு மேல ஏலாது. ஓடுற கடைன்னா நானே இடத்தைக் குடுப்பேன். நீ வர்ற ஆளை எல்லாம் கல்கத்தா கல்கத்தான்னு சொல்லி வெரட்டிக்கிட்டிருக்க."

லாத்தா கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்தார். அந்தக் கடை போனால் அவர் மறுபடியும் அடுப்படிக்குள் போகவேண்டியதுதான். அது எனக்கும் தெரியும். அப்போது சுவரில் நாற்பது நாளும் காய்ந்து முடித்த இருபது கல்கத்தா கிட்டார்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

அதே வாரம் ஒரு வழி பிறந்தது. சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு முதலாளி நடத்தும் பெரிய பள்ளிக்கூடத்தில் கிட்டார் வகுப்பு தொடங்கப் போகிறார்கள், இருபது கிட்டார் வேண்டும், தாளாளரே சனிக்கிழமை நேரில் வருகிறார் என்று செய்தி வந்தது. எண்ணிக்கைகூட அப்படியே பொருந்தியது. அந்த ஆர்டர் கிடைத்தால் மச்சான் வாயைத் திறக்கமாட்டார். லாத்தா சந்தோஷமாக நூலை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. தாளாளர் ஊர் கேட்பார், லாத்தா சொல்வார், கதை முடிந்தது.

ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் காது சூடாகிறது. சிவகாசிக்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி போயிருக்காது.

அச்சகத்தில் அப்போது ஒரு பூச்சட்டிப் பட்டாசு லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. தாளின் ஓரத்தில் கொஞ்சம் காலி இடம். அதில் ஐம்பது சின்ன லேபிள்களை நுழைத்துவிட்டேன். முட்டை வடிவம், சுற்றிலும் தங்க நிறக் கோடு, நடுவில் கொம்பைச் சிலுப்பும் ஒரு காளை, கீழே ஸ்பெயினில் செய்தது என்று ஆங்கிலத்தில் வளைந்த எழுத்து. சத்தியமாக அது பொய் என்றே எனக்கு உறைக்கவில்லை. பட்டாசுப் பெட்டியில் நான் பாரிஸ் கோபுரம் போட்டிருக்கிறேன், விண்வெளி ஓடம் போட்டிருக்கிறேன், பனிமலையில் நிற்கும் வெள்ளைக்காரக் குழந்தையைப் போட்டிருக்கிறேன். லேபிள் என்றால் அப்படித்தான் என்று வளர்ந்தவன் நான். வெள்ளிக்கிழமை மதியம் லாத்தா தொழுகைக்காக வீட்டுக்குப் போனபோது, கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்து, இருபதுக்கும் காகிதத்தைப் பிய்த்துவிட்டு என் காளைகளை ஒட்டினேன். ஓட்டைக்குள் இருட்டாக இருப்பதால் அவர் கண்ணில் படவில்லை.

சனிக்கிழமை தாளாளர் வந்தார். கூடவே பள்ளியின் மியூசிக் மாஸ்டர். மாஸ்டர் ஒன்றை எடுத்து வாசிக்க, தாளாளர் வாசிப்பைக் கேட்காமல் செல்போன் வெளிச்சத்தை இன்னொன்றின் வயிற்றுக்குள் அடித்துப் பார்த்தார்.

"ஸ்பெயினா? பரவாயில்லையே. விருதுநகர்ல ஸ்பெயின் கிட்டார் கிடைக்குதுன்னு யாரும் சொல்லலையே. இருபதையும் எடுத்துக்குறேம்மா."

எனக்குள் பூச்சட்டியே வெடித்தது. லாத்தா குழம்பிப்போய் நின்றார்.

"எது ஸ்பெயினு?"

"உள்ள போட்டிருக்கே."

லாத்தா அந்தக் கிட்டாரை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அவர் பார்த்தது எது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நான் அவசரத்தில் வெட்டியதில் அந்த லேபிளின் ஓரத்தில் பக்கத்துப் பூச்சட்டியின் தீப்பொறி ஒன்று சிவப்பும் மஞ்சளுமாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. காளையின் வாலில் நெருப்புப் பிடித்ததுபோல இருந்தது. ஸ்பெயினில் எவனும் அப்படி வெட்டமாட்டான்.

ஈரத்துணியை எடுத்தார். விரலால் உள்ளே தேய்த்தார். லேபிளை உரித்துத் தாளாளரின் கையில் வைத்தார்.

"கிட்டாரு கல்கத்தா. லேபிளு சிவகாசி. ஸ்பெயினு இந்தப் பக்கம் வந்ததே இல்லீங்க."

தாளாளர் முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "அப்ப ஏமாத்தப் பாத்தீகளா?"

"நான் ஒட்டல. ஆனா என் கடையில நடந்திருக்கு. அப்ப என் தப்புதான்."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் தேவலை. நான் கதவோரம் தும்மக்கூட முடியாமல் நின்றேன்.

"கல்கத்தான்னு சொன்னா பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்கம்மா. வாங்குற ஃபீஸுக்கு ஃபாரின் சாமான் இருந்தாத்தான் மரியாதை" என்று சொல்லிவிட்டுத் தாளாளர் படியிறங்கினார். லாத்தா பின்னாலேயே போனார், ஆர்டரைக் கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். "எங்க வாங்குனாலும் சரிங்க. நாப்பது நாளு காய வச்சு, கம்பி ஓரத்தத் தேச்சுக் குடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா பிள்ளைக கை கிழிஞ்சிரும்" என்றார். கார்க் கதவு சாத்திக்கொண்டது.

திரும்பி வந்தார். "ஏலே. எத்தன அடிச்ச?"

"அம்பது."

"மிச்சத்த இங்கன வை."

வைத்தேன். வைத்துவிட்டு, என் மடத்தனம் அடங்காமல் பாரிஸ் கோபுரத்தை எல்லாம் சொல்லி வாதாடினேன். சிவகாசியில் இது எல்லோரும் செய்வதுதானே என்றேன்.

"பட்டாசுப் பெட்டில கிளியப் போட்டா, உள்ள கிளி இருக்கும்னு எவனும் வாங்கல. இது அப்படியா? ஸ்பெயினுன்னு நம்பித்தானே அந்த மனுசன் வாங்க வந்தாரு." மூச்சு வாங்கியது அவருக்கு. "இந்தக் கிட்டாருக்கு என்னலே கொறச்சல்? நாப்பது நாளு நான் பாத்திருக்கேன். அதுக்கு வேற ஒருத்தன் பேரப் போட்டேன்னா, இது லாயக்கு இல்லேன்னு நீயே சொன்ன மாதிரிதானே?"

அழுதுவிட்டேன். முப்பது வயதை நெருங்குகிறவன், மிளகாய் நெடியின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு அழுதேன். உட்கார்ந்து இருபது காளைகளையும் உரித்தேன். உரித்து முடித்த பிறகு லாத்தா ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்.

"ஒனக்கு லேபிள் அடிக்கத்தானே ஆச. இத அடி. தமிழ்ல அடி. பெருசா அடி."

அதில் இவ்வளவுதான் இருந்தது: செய்தது கல்கத்தா. விருதுநகர் வெயிலில் நாற்பது நாள் காய்ந்தது. கம்பி ஓரம் தேய்த்தது.

அன்று முதல் என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏ லேபிளு" என்றுதான் கூப்பிட்டார். அந்த லேபிளை நான் என் வாழ்க்கையில் எதற்கும் செலவழிக்காத அக்கறையோடு அடித்தேன். லாத்தா அதை வயிற்றுக்குள் ஒட்டவில்லை. வெளியே, பார்த்ததும் தெரிகிற இடத்தில் கட்டித் தொங்கவிட்டார். தலையில் சுற்றிய துணிகளையும் அவிழ்த்துப் போட்டுவிட்டார். இனி முதலிலேயே ஊர், பிறகு காது.

மாசி போனது, பங்குனி போனது, சித்திரையும் போனது. வந்தவர்கள் லேபிளைப் படித்துச் சிரித்தார்கள். வத்தலைக் காயப்போட்டதுபோலக் கிட்டாரைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கல்லூரிக் கூட்டம் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போனது. ஒரே ஒரு கிட்டார்தான் விற்றது. வாங்கியது வெம்பக்கோட்டையில் இருந்து வந்த ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், பட்டாசுக் கம்பெனியில் வேலை. நகக்கண்ணில் மருந்தின் வெள்ளிப்பொடி போகாமல் நின்றது. லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"காயவச்சதா?"

"ஆமா, நாப்பது நாளு."

"அப்ப சரிதான். காயாத மருந்த டப்பாவுல அடைச்சா பொகையத்தான் செய்யும், பூக்காது. இது எல்லாத்துக்கும் ஒண்ணுதான் போல." எந்த நாடு என்று அவர் கேட்கவே இல்லை. பையனுக்கா, பெண்ணுக்கா என்று நான் விசாரித்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். லாத்தா தெருமுனைவரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனி பிறந்தது. ஆடிக்கு இன்னும் ஒரு மாதம். மச்சான் ஒரு ஆளை அனுப்பி அறையை டேப் வைத்து அளந்துகொண்டார். லாத்தா அந்த ஆளுக்கு டீ கொடுத்து, தூள் எந்த ஊர் என்று சொல்லி அனுப்பினார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. என்னால் போன ஆர்டரால் வந்தது இது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் ஒரு மினி வேன் வந்து நின்றது. அதில் இருந்து இறங்கியவர் அந்தப் பள்ளியின் மியூசிக் மாஸ்டர். பின்னால் இருபது கிட்டார்கள், வெளிநாட்டுப் பெயர் தலையில் பளபளக்க. மாஸ்டரின் விரலில் இரண்டு பிளாஸ்திரி.

"சென்னையில இருந்து பங்குனியில வந்துச்சுங்க. லீவு முழுக்க தகரக் கூரை ரூம்ல கெடந்துருக்கு. ஸ்கூல் தொறந்து மொத கிளாஸு, நாலு பிள்ளைக விரல் கிழிஞ்சிருச்சு. ஒண்ணுகூட ஒழுங்காப் பேச மாட்டேங்குது. சுதந்திர தினத்துக்கு இருபது பேரும் மேடையில வாசிக்கணும்னு கார்டு அடிச்சாச்சு. வாங்குன எடத்துல கேட்டா, கிளைமேட்டுக்கு நாங்க பொறுப்பில்லேங்கிறாங்க."

நான் லாத்தாவைப் பார்த்தேன். இப்போது சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறதே, அன்றே சொன்னேனே என்று. அவர் சொல்லவில்லை. சொல்லாததைப் பொறுக்க முடியாமல் நான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. லாத்தா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு ஒரு கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பேரு அமெரிக்கா. செஞ்சது இந்தோனேசியா." பிறகு சேரும் இடங்களில் நகத்தை ஓட்டினார். "நல்லாத்தான் செஞ்சிருக்கான். குத்தஞ் சொல்லக் கூடாது. அவன் ஊர்ல எந்நேரமும் மழை. இந்த ஊரை அவன் எங்க கண்டான்?"

"சரி பண்ணிரலாமா?"

"காயுறதெல்லாம் காஞ்சு முடிஞ்சிருச்சு. இனி தேய்ப்புதான். பதினஞ்சு நாளு குடுங்க."

பதினைந்து நாளும் அரத்தின் சத்தம்தான். நான் வேலை முடிந்து சாயங்கால ரயிலில் வந்து உதவினேன். எனக்குத் தந்தி கழற்றும் வேலை மட்டும், அரத்தைத் தொட அனுமதி இல்லை. ஒரு கிட்டாருக்கு இருபது கம்பி, ஒரு கம்பிக்கு இரண்டு நுனி. ஒவ்வொன்றையும் தேய்த்து, விரலை ஓட்டி, நூலை இழுத்து, மாட்டினால் மறுபடியும் முதலில் இருந்து. லாத்தாவின் கட்டைவிரல் முழுக்கக் கீறல். அடுத்த அறையில் இருந்து மச்சான் இரண்டு மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பதினாறாம் நாள் தாளாளரே வந்தார். மச்சான் குடோன் கதவோரம் வந்து நின்றுகொண்டார். மியூசிக் மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். அந்த அறையில் அதுவரை அப்படி ஒரு மதியம் இருந்ததில்லை. இருபதும் பேசின. தாளாளர் கழுத்தோரமாக விரலை ஓட்டிப் பார்த்தார், பயந்து பயந்து, பிறகு தைரியமாக. மாஸ்டர் வாசிக்கிற சுகத்தில் சுவரில் தொங்கியதையும் ஒன்று எடுத்து வாசித்தார்.

"இது நல்லா இருக்கே" என்றார் தாளாளர். "மத்ததவிட நல்லா இருக்கு. இதுவும் நம்ம அமெரிக்காதானே?"

"இல்லீங்க" என்றார் லாத்தா. "அன்னைக்கு நீங்க வேண்டாம்னு போன கல்கத்தா."

தாளாளர் அந்தக் கிட்டாரில் தொங்கிய லேபிளைத் திருப்பிப் பிடித்து முழுவதும் படித்தார். அவர் காதும் எனக்குச் சூடானதுபோலவே சூடாகியிருக்க வேண்டும். ஆனால் பெரிய மனிதர்தான், மறைக்கவில்லை.

"அன்னைக்கு வாசிச்சதக் கேட்டிருக்கணும். நான் லைட் அடிச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "ரெண்டாவது பேட்ச் ஆரம்பிக்கணும்மா. இதுல எத்தனை இருக்கு?"

"பத்தொம்பது."

"பத்தொம்பதும் வேணும். மேக்கொண்டு நாப்பது வேணும். எங்க இன்னொரு ஸ்கூலுக்கும் சேத்து."

"பேரன்ட்ஸ் கேட்டா?"

"கல்கத்தான்னு சொல்லுவேன்." கொஞ்சம் தயங்கி, தான் கொண்டுவந்த இருபதையும் காட்டினார். "ஒண்ணு கேக்கலாமா? இதுலயும் இதே மாதிரி லேபிள் கட்டிக் குடுப்பீகளா?"

லாத்தா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் ஐந்து மாதம் காத்திருந்தேன். "ஏ லேபிளு, அடிச்சுக் குடு. செஞ்சது இந்தோனேசியான்னு போடு. அவன் பேர விட்றாத. கீழ நம்ம வேலையப் போடு."

வெளிநாட்டுப் பெயர் பொறித்த இருபது கிட்டார்களின் கழுத்திலும் விருதுநகர் தொங்கப் போகிறது. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கவேண்டும்போல இருந்தது. சிரித்தேன்.

"அந்த நாப்பதும் எப்ப கிடைக்கும்? அடுத்த மாசம்?"

"லோடு வர பத்து நாளு. அப்புறம் நாப்பது நாளு காயணும்."

"கொஞ்சம் சீக்கிரமா..."

"காயாம தரமாட்டேன்."

சொல்லிவிட்டுத்தான் லாத்தாவுக்கு நினைவு வந்தது. நாற்பது கிட்டார்களைக் காயப்போட இந்த அறை போதாது. இந்த அறையுமே ஆடியோடு போகிறது. அவர் முகம் சட்டென்று வாடியதை நான் பார்த்தேன். கதவோரம் நின்ற மச்சானும் பார்த்திருக்க வேண்டும். குடோனுக்குள் திரும்பி லோடுமேன்களைக் கூப்பிட்டார்.

"இந்த மேக்கு ரூமு மூட்டை அம்புட்டையும் எடுத்து வெளிக் குடோனுக்குக் கொண்டு போங்கப்பா. இன்னைக்கே."

"மச்சான்" என்றார் லாத்தா.

"மேக்கு வெயிலு நேரா இறங்குற ரூமு" என்றார் அவர், எங்கோ பார்த்துக்கொண்டு. "காயாத சரக்க விக்கமாட்டேங்குற. பெறகு எடத்தக் குடுக்காம என்ன செய்ய?"

மூட்டைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. தாளாளர் தும்மிக்கொண்டே காரில் ஏறினார். லாத்தா முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். பிறகு ஸ்டூலையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு குடோனுக்குள் போனார். அறையில் இன்னும் பாதி மூட்டை இருக்கும்போதே மேற்குச் சுவரில் முதல் ஆணியை அடித்துவிட்டார்.